பென்சிலால் எழுதுகிறவருக்கு

அன்புள்ள பென்சில்காரருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் நாவல் அலமாரியில் பத்துக்கு ஒரு புத்தகத்திலாவது, கடைசிப் பக்கத்தின் அடியில், உங்கள் கையெழுத்து இருக்கிறது. பொடி எழுத்து. அழுத்தாத பென்சில். இரண்டு மூன்று வரிக்கு மேல் போவதில்லை.

வயதை மட்டும் ஊகித்து வைத்திருக்கிறேன். 'லை', 'னை' எல்லாவற்றுக்கும் அந்தக் காலத்து யானைத் துதிக்கை மாதிரிக் கொம்பு போட்டு எழுதுகிறீர்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தை முடித்தவராக இருக்க வேண்டும். (என் அம்மா இன்றைக்கும் மளிகைச் சீட்டில் கடலையைத் துதிக்கையோடுதான் எழுதுகிறார். கடைக்காரப் பையன் ஒருமுறை ஃபோன் பண்ணி, "இது என்ன எழுத்துங்க?" என்று கேட்டான்.)

நூலகப் புத்தகத்தில் கிறுக்குவது தப்புதான். துப்பறியும் நாவல்களின் நாலாம் பக்கத்திலேயே ஒரு பெயரை வட்டம் போட்டு 'கொலைகாரன் இவன்தான்' என்று எழுதி வைக்கும் புண்ணியவான் ஒருவரும் இதே நூலகத்தில் உலவுகிறார். அவர் என்றாவது கையில் சிக்கினால் சும்மா விடமாட்டேன். உங்கள் மேல் மட்டும் கோபம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதன்முதலில் உங்களைப் பார்த்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில். 'சின்னப் புத்தகம்தானே என்று பஸ்ஸில் படிக்காதீர்கள். வீட்டில் குடம் காலியாக இருக்கும் நாளில் படிக்கவும்' என்று எழுதியிருந்தீர்கள். நான் அதை பஸ்ஸில்தான் முடித்திருந்தேன். சென்னைத் தெருவில் ஜமுனா குடத்தோடு அலைகிறாள், தண்ணீர் கிடைக்கிறது, கிடைக்கவில்லை, அவ்வளவுதானே என்று மூடி வைத்தேன். அந்த வருடம் மே மாதம் எங்கள் தெருவில் பத்து நாளைக்குக் குழாயில் காற்றுதான் வந்தது. லாரி வரும் என்று மூன்று குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். பஸ்ஸில் நான் படித்தது இந்தப் புத்தகமே இல்லை.

'கட்டாயம் படிக்க வேண்டிய நூறு' என்ற பட்டியல்களை நானும் வெட்டி வைத்திருக்கிறேன். அவற்றில் பெயர் இருக்கும், ஆசிரியர் இருப்பார். எப்போது படிப்பது, எந்த இடத்தில் அலுக்கும், எதுவரை பொறுத்துக்கொள்வது என்பதெல்லாம் இருக்காது. உங்கள் பென்சில் அதை மட்டும்தான் சொல்கிறது. ரொம்பத் தெரிந்த சமையல்காரி, "வெங்காயம் கருகுவது போல இருக்கும், பயப்படாதே" என்று சொல்வாளே, அந்த மாதிரி.

ஒரு சண்டையும் பாக்கி இருக்கிறது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில், 'ஆசான் போனதோடு கதையும் போய்விட்டது. நிறுத்திவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். தாமோதர ஆசான் கதை சொல்லும் அழகுக்கு நானும் அடிமைதான். ஆனால் அவர் போன பிறகு கடைகள் வருகின்றன, தாமுவும் காதரும் வருகிறார்கள், தேர்தல் வருகிறது. கதை கேட்டவர்கள் இருந்த இடத்தில் வியாபாரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆசான் இல்லாத அந்தக் குறையை நமக்குத் தோன்ற வைத்ததுதான் ஆசிரியரின் சாமர்த்தியம் என்பேன். தயவுசெய்து விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அந்த வரியை ரப்பர் போட்டு அழித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மனசு வரவில்லை.

அப்புறம், பதிலுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும் அல்லவா? உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. அதில் உங்கள் பென்சில் இல்லை. தேதித் தாளிலும் முத்திரை விழுந்து ரொம்ப நாளாகிறது. பருமனைப் பார்த்தே பலர் திரும்ப வைத்துவிடுகிறார்கள். முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். நேராக 1880, கும்பகோணத்துக்குப் போய்விடுங்கள். கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த வருடம் அவருக்கு. ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் அசைவே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்கிறார். இவர் விடாமல் கம்பராமாயணம் வரை போகிறார். சரி, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று முதலியார் கேட்கிறார். இல்லை.

முதலியார் கேட்டதோடு நிற்கவில்லை, சிந்தாமணியின் கைப்பிரதி ஒன்றையும் தேடிக் கொடுத்தார். சாமிநாதையர் பதிப்பித்து 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது, 1892-ல் சிலப்பதிகாரம், 1898-ல் மணிமேகலை. முன்சீப் கேட்ட மூன்றும்! 'இதைப் படித்தீர்களா?' என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டதில், தமிழில் இதைவிடப் பெரிய விளைச்சல் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த இடத்தைப் படித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். மாணவனாக அவர் பட்ட பாடெல்லாம் வேறு மாதிரித் தெரியும். ஒரு எச்சரிக்கை: புத்தகம் முடியாது. விகடனில் தொடராக எழுதிக்கொண்டிருந்தபோதே, 1942-ல் அவர் காலமாகிவிட்டார்.

பென்சில் எடுக்கத் தைரியம் இல்லாததால், கும்பகோணம் வரும் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. உண்மையில் இந்தக் கடிதமே இதற்காகத்தான். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நூலகப் பிரதி நைந்துபோய், போன வருடம் பைண்டிங் போனது. திரும்பி வந்தபோது பக்கங்களின் அடியைக் கொஞ்சம் அதிகமாகவே வெட்டியிருந்தார்கள். 'மங்கத்தாயாரு அம்மாள் பேச ஆரம்பிக்கும்வரை பொறுக்கவும். அப்புறம் உங்களால் நிறுத்த முடியாது. இது பிடித்தவர்கள் அடுத்து' என்பதோடு உங்கள் வரி நிற்கிறது. அதன் கீழே எழுத்துகளின் தலை மட்டும் தெரிகிறது. ஒரு இரட்டைச் சுழி இருப்பது போல இருக்கிறது, வேறு எதுவும் பிடிபடவில்லை. 'கோபல்லபுரத்து மக்கள்' என்று எழுதியிருப்பீர்கள் என்று நான் நம்பவில்லை. அடுத்த பாகத்தைச் சொல்ல நீங்கள் எதற்கு?

அது எந்தப் புத்தகம்?

துண்டுச் சீட்டின் பின்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்களுக்கு அடுத்து எடுக்கிறவன்