கலெக்டர் சட்டம் போட முடியாது, அண்ணாச்சி

பாசன சங்கத் தலைவர் அண்ணாச்சிக்கு,

வணக்கம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் சங்கம் சார்பில் கொடுத்த மனுவைப் படித்தோம். நான்கு பக்கம், பன்னிரண்டு கோரிக்கை. பதினொன்றாவதாகக் காலநிலைச் சட்டம், பன்னிரண்டாவதாகப் பேருந்து நிழற்குடை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதையும், தாமிரபரணிப் பாசனத்தில் குளங்கள் அடுத்தடுத்து உடைந்ததையும் பார்த்தவர்கள் சட்டம் கேட்பது நியாயம்தான். ஆனால் மனு போய்ச் சேர்ந்த இடம் சரியில்லை. கலெக்டர் கரையை அடைக்க மணல்மூட்டை அனுப்புவார், நிவாரணப் பட்டியல் எடுப்பார். சட்டம் போடுவது சட்டமன்றம். அங்கே உங்களுக்கென்று இருப்பவர் உங்கள் எம்.எல்.ஏ.

'அரசாங்கம்தான் ஏற்கெனவே செய்கிறதே' என்று அவர் சொல்லக்கூடும். பாதி உண்மை. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது, பசுமைக் காலநிலை நிறுவனம் இருக்கிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் ஆணை வந்தது. நல்ல விஷயங்கள். ஆனால் ஓர் அரசாணையை இன்னொரு அரசாணை மாற்றிவிடும், சட்டமன்றத்தைக் கேட்க வேண்டியதே இல்லை. இலக்கு தவறினால் யார் பதில் சொல்வது என்பதும் அதில் இருக்காது. கானமயில் என்ற அரிய பறவை மின்கம்பிகளில் மோதிச் சாவது பற்றிய வழக்கில் 2024 மார்ச் 21 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காலநிலை பாதிப்பிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கும் என்றது. இதற்கென்று ஒட்டுமொத்தமான சட்டம் நாட்டில் இல்லை என்பதையும் சொன்னது. இந்த இரண்டு வரியையும் கடிதத்தில் சேருங்கள்.

'இது டெல்லி விவகாரம்' என்று கைகழுவவும் பார்ப்பார்கள். நீர், நிலம், வேளாண்மை, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி எல்லாம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருப்பவை. காடும் மின்சாரமும் பொதுப் பட்டியல், அதாவது டெல்லியும் சட்டம் போடலாம். அதனால் அனல்மின் நிலையம், கரிமச் சந்தை போன்றவற்றை எம்.பி.க்கு எழுதும் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எம்.எல்.ஏ.விடம் குளத்தைப் பேசுங்கள்.

ஒரே கோரிக்கை, ஒரே பக்கம். 'காலநிலையைக் காப்பாற்றுங்கள்' என்று கேட்டால் 'ஆகட்டும்' என்பார், அதோடு சரி. கேட்க வேண்டியது இப்படி இருக்கட்டும்: ஒவ்வொரு குளத்தின் மறுகாலும் (நிரம்பிய பின் மிகைநீர் வெளியேறும் வழி) இன்றைய மழை அளவைத் தாங்குமா என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கிட வேண்டும், அதன் நிலை குறித்த அறிக்கையை ஆண்டுதோறும் பேரவையில் வைக்க வேண்டும், வைக்கத் தவறினால் அமைச்சர் காரணம் சொல்ல வேண்டும், இதைச் சட்டமாக்க வேண்டும். பிரிட்டனில் 2005-ல் மக்கள் எம்.பி.க்களைத் துளைத்தெடுத்தது ஒரே விஷயத்துக்காக: கரியமில வாயு உமிழ்வை ஆண்டுதோறும் குறைக்கக் கட்டாயப்படுத்தும் சட்டம். அதை ஆதரித்த தீர்மானத்தில் 646 எம்.பி.க்களில் 412 பேர் கையெழுத்திட்டார்கள். 2008-ல் சட்டம் வந்தது. கட்சி பேதம் பார்க்காமல் கேட்டதும் ஒரு காரணம். ஆகவே தோற்ற வேட்பாளர்களுக்கும் ஒரு நகல் போகட்டும்.

கடிதத்துக்குக் கனம் சேர்ப்பது கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வாயால் பேசிவிட்டு வந்தால் பதிவேட்டில் 'சுற்றுச்சூழல் குறித்து விவாதிக்கப்பட்டது' என்று ஒரு வரி ஏறும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். அதே சொற்கள் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். போதிய ஆள் வராவிட்டால் தீர்மானம் செல்லாது, ஆகவே நடவு, அறுவடை நேரமென்றால் முதல்நாளே ஆள் சொல்லிவையுங்கள். நகல் தர இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அடுத்தது நேரம். பட்ஜெட் முடிந்து துறைவாரியாக மானியக் கோரிக்கைகள், அதாவது ஒவ்வொரு துறையும் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்பவை, வரும் நாட்கள்தான் முக்கியம். அதற்கு இரண்டு மாதம் முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும். நீர்வளத் துறை, சுற்றுச்சூழல் துறை இரண்டின் போன வருடத்துக் கொள்கை விளக்கக் குறிப்புகளையும் (அந்தத் துறை தன் பணிகளைச் சொல்லிப் பேரவையில் வைக்கும் புத்தகம்) எடுத்து, உங்கள் குளத்தையோ கால்வாயையோ பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எழுதியதற்கும் களத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எம்.எல்.ஏ. கையில் கொடுத்தால் அவருக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும். பல உறுப்பினர்கள் தயாரிப்பு இல்லாமல்தான் தவிக்கிறார்கள், மனமில்லாமல் அல்ல.

சந்திப்பைக் கல்யாண வீட்டிலோ கோயில் கொடையிலோ வைக்காதீர்கள். வாங்கிய மனுவை உதவியாளர் பையில் போடுவார், பை அப்படியே போய்விடும். அலுவலகத்தில் நேரம் கேட்டு ஐந்து பேர் போங்கள்: சங்கத்தில் ஒருவர், மகளிர் குழுவில் ஒருவர், உரக்கடைக்காரர் ஒருவர் என்று கலந்து. பேச்சு பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அமைச்சர் அல்லாத உறுப்பினரே கொண்டுவரும் தனி உறுப்பினர் மசோதாவைக் கொண்டுவரச் சொல்லலாம், ஆனால் அதிலேயே நம்பிக்கை வைக்காதீர்கள். நாடாளுமன்றத்திலேயே சுதந்திரத்துக்குப் பின் அப்படி நிறைவேறியவை 14தான், கடைசியாக 1970-ல். வினா, கவன ஈர்ப்பு (அவசர விஷயத்தை அமைச்சர் கவனத்துக்குக் கொண்டுவருவது), மானியக் கோரிக்கைப் பேச்சு இந்த மூன்றில் எதைச் செய்வார் என்று கேளுங்கள். வினாவை நீங்களே எழுதிக் கொடுங்கள்: 'ஸ்ரீவைகுண்டம் வட்டத்தில் எத்தனை குளங்களின் மறுகால் கொள்ளளவு 2023-க்குப் பின் மறுகணக்கிடப்பட்டது? இதற்குச் சட்டம் கொண்டுவர அரசு உத்தேசிக்கிறதா?' எத்தனை என்று கேட்டால் எண் வந்தாக வேண்டும். 'நடவடிக்கை எடுக்கப்படுமா' என்று கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்று முடித்துவிடுவார்கள்.

'பார்க்கலாம்' என்றால் எந்தத் தேதிக்குள் என்று கேட்டு, அவர் எதிரிலேயே டைரியில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் நன்றிக் கடிதம், அதில் அவர் சொன்ன தேதி, விநியோகச் சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில். சான்று வந்ததும் கோப்பில் ஒட்டிவிட்டு, நிழற்குடை மனுவைத் தனியாக எழுதுங்கள். அதைக் கலெக்டரிடமே கொடுக்கலாம்.

அன்புடன்,
நீர்நிலைப் பாதுகாப்பில் உடன் நிற்பவர்கள்