ரவுடிக்கு ‘பிரபல’ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘பிரபல ரவுடி கைது’ என்ற தலைப்பை நாளிதழ்களில் அடிக்கடி பார்க்கிறோம். அதே பக்கத்தில் ‘பிரபல பாடகி காலமானார்’ என்றும் இருக்கும். இருவருக்கும் ஒரே அடைமொழி. ஆங்கிலத்தில் ‘நொட்டோரியஸ்’ என்று வருவதை அவசரத்தில் ‘பிரபல’ ஆக்கிவிடுவதால் வரும் வினை இது.

கெட்டதற்காகப் பலரும் அறிந்த என்பதே ‘நொட்டோரியஸ்’ என்ற சொல்லின் பொருள். மூலம் லத்தீன், அங்கே ‘தெரிந்த’ என்று மட்டுமே அர்த்தம். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் முதலில் பொதுச்சொல்தான். திருடன், பொய்யன் என்ற பெயர்களோடு சேர்ந்து சேர்ந்தே பழி ஒட்டிக்கொண்டது. இன்று நல்ல மருத்துவர் ஒருவரைப் பாராட்டுவதாக நினைத்து அப்படி எழுதினால், அவரைத் திட்டியதாகிவிடும்.

மனிதர்களுக்கு மட்டும் வரும் சொல்லும் அல்ல இது. சாலை வளைவு, இயந்திரம், தேர்வு எதற்கும் வரும். எதனால் கெட்ட பெயர் என்பதை ‘ஃபார்’ போட்டுச் சொல்வார்கள். தமிழில் ‘விபத்துகளுக்குப் பேர்போன வளைவு’ என்றால் கச்சிதம். ஆனால் ‘பேர்போன’ நல்லதற்கும் வரும் என்பதால் காரணத்தை விட்டுவிடக் கூடாது. ‘நொட்டோரியஸ்லி டிஃபிகல்ட்’ என்று வந்தால் பழி மிகக் குறைவு. ‘கடினம் என்று எல்லாருக்கும் தெரிந்த’ என்றாலே போதும்.

இதே வகை ஆங்கிலச் சொல்லான ‘இன்ஃபமஸ்’ (பழிக்கு ஆளான) இன்னும் கடுமையானது. முன்னால் ‘இன்’ இருப்பதைப் பார்த்து ‘பிரபலமில்லாத’ என்று எழுதுவது பெரும்பிழை. ‘இன்ஃபேமஸ்’ என்று நீட்டுவதும் தவறு. அழுத்தம் முதல் அசையில். அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட 1941 டிசம்பர் 7ஐப் பற்றி அதிபர் ரூஸ்வெல்ட் மறுநாள் அமெரிக்க காங்கிரசில் பேசியபோது சொன்ன ‘இன்ஃபமி’ இதன் பெயர்ச்சொல்தான். ‘பழி நிலைத்த நாள்’ என்றால்தான் அந்தக் கனம் தமிழில் வரும்.

தலைப்பில் இடம் குறைவு, ‘பிரபல’ நான்கே எழுத்து என்பது புரிகிறது. அந்த நான்கையும் எடுத்துவிட்டு ‘ரவுடி கைது’ என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? கண்டனம் ‘ரவுடி’யிலேயே இருக்கிறது. உள்ளே, ‘கொலை முயற்சி உட்பட 6 வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று உள்ளபடி எழுதினால், அடைமொழி சொல்லாததையும் வாசகர் தெரிந்துகொள்வார். அடைமொழி வேண்டியே தீரும் என்றால் ‘காவல்துறை தரப்பில் கூறப்படுகிறது’ என்று சேர்த்துவிடுங்கள். நொட்டோரியஸ் என்பது ஒரு தீர்ப்பு. கைதாகும் நாளில் நீதிமன்றம் அதை இன்னும் சொல்லியிருக்காது.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள வாசகர்