பொட்டு ஒட்டிய லாக்கர் கதவு

ஆயர் ஈத்தாம், பினாங்கு
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பாப்பா இதைப் போட்டோ பிடித்து வாட்சாப்பில் அனுப்புவாள். என் கையெழுத்து புரியாவிட்டால் அவளையே கேள்.

போன வாரம் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. இரவு ஷிஃப்ட் முடிந்ததும் ரயில் டிப்போவிலேயே சட்டையை மாற்றிக்கொண்டுதான் ரயில் ஏறுகிறேன் என்றாய். வேர்வை, கிரீஸ் என்று காரணமும் சொன்னாய். சரி, இருக்கும். ஆனால் பத்துமலைக் கல்யாணத்துக்கு நீ வேலைச் சட்டையோடு நேரே வந்த அன்று, பந்தியில் எல்லார் முன்னாலும் உன் மாமா "டிப்ளோமா படிச்சிட்டு ஸ்பேனர் தூக்குறியா?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. அதற்கு முன்னால் நீ சட்டை மாற்றியதாக எனக்கு நினைவில்லை.

நானும் கழற்றியவள்தான். இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

1984-இல் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தபோது எனக்கு 18 வயது. அங்கே தொழிற்பேட்டை 1972-லேயே வந்துவிட்டது, எங்கள் வரிசை வீட்டிலிருந்தே நாலைந்து அக்காமார் போய்க்கொண்டிருந்தார்கள். வெளிர்நீல ஸ்மாக், அதாவது உடுப்புக்கு மேல் போடும் வேலை அங்கி, நெஞ்சில் பெயர் அட்டை. சாயங்காலம் ஃபேக்டரி பஸ் மார்க்கெட் முனையில் இறக்கிவிடும். அதற்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸுக்குள் ஒரே சலசலப்பு. ஆளாளுக்குப் பட்டனைக் கழற்றி, ஸ்மாக்கைச் சுருட்டிப் பைக்குள் திணிப்போம். ஃபேக்டரிப் பெண்களை அப்போது 'மினா காரான்' என்பார்கள். மின்சாரச் சாமான் செய்கிறவர்கள் இல்லையா, அந்தக் கரண்டுதான் 'காரான்'. சம்பளம் கையில் வந்ததும் ஊர் சுற்றுகிறவள், அடங்காதவள் என்று அர்த்தம். மலாய்ப் பெண்களுக்கு வைத்த பேர், எங்கள் மேலும் ஒட்டிக்கொண்டது. அந்தச் சம்பளத்தில்தான் உன் தாத்தா வீட்டுக் கூரைத் தகரத்தை மாற்றினார், அது வேறு கதை.

வீட்டில் உன் பாட்டி அந்த ஸ்மாக்குக்குக் கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்து, மடிப்புக் கலையாமல் ஆணியில் மாட்டிவைப்பார். தினம் காலையில் நிமிர்ந்து போகும் துணி, சாயங்காலம் பந்தாகத் திரும்பி வரும். அவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

இரண்டு வருஷம் கழித்து என்னைக் கிளீன் ரூமுக்கு மாற்றினார்கள், தூசி படாமல் சிப் வேலை செய்கிற அறை. அங்கே ஸ்மாக் போதாது. தலையிலிருந்து கால் வரை வெள்ளை பன்னி சூட், முகமூடி, கையுறை, கண் மட்டும்தான் வெளியே தெரியும். பவுடர் கூடாது, பூ கூடாது. நாங்கள் தமிழ்ப் பிள்ளைகள் உள்ளே போகுமுன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டுவோம். வெளியே வந்ததும் எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வோம், சில நாள் மறந்தும் போவோம். நான் வேலையை விட்டபோது அந்தக் கதவில் நாற்பது ஐம்பது பொட்டு இருந்திருக்கும், சிவப்பு, மெரூன், ஒரு பச்சை கூட. கிளீனர் அம்மா ஒருவர் அதைத் துடைக்கவே மாட்டார்.

பொட்டை ஒட்டிவிட்டு ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தால் தலைக்குள் ஏதோ மாறும். உன் தாத்தாவின் கடன், பாட்டியின் சர்க்கரை எல்லாம் கதவுக்கு வெளியே நின்றுவிடும். மணிக்கட்டுப் பட்டையைக் கை தானாகத் தேடும். நம் உடம்பில் ஏறும் நிலைமின்சாரம் ஏறக்குறைய 3,000 வோல்ட் ஆனால்தான் நமக்கே சுரீரென்று தெரியும். சில சிப்புக்கு 100 வோல்ட்டே எமன். அந்த மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடத்தான் அந்தப் பட்டை.

இதைப் பாப்பாவிடம் சொன்னபோது, "அம்மா, இது எங்கள் பாடத்தில் வருகிறது" என்று லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். 2012-இல் ஆடம், கலின்ஸ்கி என்று இரண்டு பேர் அமெரிக்காவில் செய்த சோதனை. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதிக் காட்டுவார்கள், நீ மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். இப்படிக் குழப்புகிற இடங்களில், வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் செய்த தப்பு மற்றவர்கள் செய்ததில் பாதிதான். அடுத்த சோதனைதான் எனக்குப் பிடித்தது. ஒரே மாதிரிக் கோட்டு. சிலரிடம் இது டாக்டர் கோட்டு என்றார்கள், சிலரிடம் இது படம் வரைகிற பெயிண்டர் கோட்டு என்றார்கள். இரண்டு படங்களுக்குள் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னால், டாக்டர் கோட்டு என்று நம்பிப் போட்டவர்கள்தான் அதிகம் கண்டுபிடித்தார்கள். கோட்டை எதிரில் வைத்துப் பார்த்தவர்களுக்குக் கூட அவ்வளவு வரவில்லை. துணி ஒன்றுதான், அதற்கு மனசு வைத்த பேர்தான் வேறு. பெயிண்டர் பாவம், அவருக்கும் கவனம் வேண்டாமா என்று நான் கேட்டேன், பாப்பா சிரித்தாள்.

முழுசாக நம்பிவிடாதே. அந்த நிற விளையாட்டை 2019-இல் வேறு ஆட்கள் அப்படியே திரும்பச் செய்து பார்த்தபோது கோட்டு ஒரு வேலையும் செய்யவில்லையாம். அவர்கள் சண்டையை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் காட்டினாள், 1979-இல் நடந்தது. சில பெண்களுக்கு நர்ஸ் உடுப்பு, சிலருக்கு அமெரிக்காவின் 'கு கிளக்ஸ் கிளான்' என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் போடுவது மாதிரி பயங்கரமான அங்கி. தப்பாகப் பதில் சொல்கிற ஆளுக்கு எவ்வளவு ஷாக் கொடுக்கலாம் என்று கேட்டால், நர்ஸ் உடுப்புக்காரர்கள் குறைத்தார்கள். யார் என்று தெரியாதபடி மறைத்தபோது இன்னும் குறைத்தார்கள். இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஏனென்றால் பன்னி சூட்டுக்குள் யாருக்கும் முகம் கிடையாது. ஒரு நாள் ஓவர்டைம் அவசரத்தில் நான் பட்டையை மாட்டாமலே ஒரு சிப் தட்டை எடுத்து வைத்தேன். மறுநாள் டெஸ்ட்டில் ஒரு தட்டு முழுக்கத் தேறவில்லை. அது நான் தொட்ட தட்டுதானா என்று இன்றைக்கும் தெரியாது. லைன் லீடர் எனக்குப் பக்கத்தில் உட்காருகிற பெண்ணைப் பிடித்துத் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. முகமூடிக்கு மேலே அவள் கண் மட்டும் தெரிந்தது. அது நனைந்ததைப் பார்த்துக்கொண்டே குனிந்து வேலை செய்தேன். உடுப்பு எனக்குக் கவனத்தைக் கொடுத்தது என்று மேலே எழுதினேனே, அன்றைக்கு அதே உடுப்பு ஒளிந்துகொள்ளவும் இடம் கொடுத்தது.

உன் மாமா கதைக்கு வருகிறேன். பிக்மன் என்று ஒருவர், 1974-இல் வெளிவந்த ஆராய்ச்சி. நியூயார்க் தெருவில் போகிறவர்களிடம், "இந்தப் பையை எடு", "அந்த ஆளுக்குச் சில்லறை கொடு" என்று சொல்லச் செய்தார். சாதாரண உடையில் ஒருவர், பால்காரர் உடுப்பில் ஒருவர், காவலாளி உடுப்பில் ஒருவர். காவலாளி சொன்னால் ஜனங்கள் கேட்டார்கள். பால்காரருக்கு அந்த மரியாதை இல்லை. அவருடையதும் சீருடைதானே! மாமா கண்ணுக்கு உன் சட்டை பால்காரர் சட்டை, அவ்வளவுதான். நீ நடுராத்திரியில் தண்டவாளத்தைப் பார்த்து முடிக்காவிட்டால் காலையில் கோலாலம்பூரில் பாதிப் பேர் வேலைக்குப் போக முடியாது. அது அவருக்கு எங்கே தெரியும்? அவர் மகன் டை கட்டிக்கொண்டு அதே ரயிலில்தான் போகிறான்.

கிரீஸ் என்றால் மாற்றிக்கொள், நல்லதுதான். வேலையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் தூக்கமாவது வரும். மாமாவுக்காக மாற்றுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் எப்போது நிறுத்தினேன் என்று கேட்பாய். வீரம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் உள்ளே போட்டிருந்த ரவிக்கை தோளில் கிழிந்திருந்தது, கழற்ற முடியவில்லை. ஸ்மாக்கோடு மார்க்கெட் முனையில் இறங்கி நடந்தேன். லக்சா கடைக்காரர் "இன்றைக்கும் ஓவர்டைமா?" என்று மலாயில் கேட்டார், வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் பாட்டி என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் காலரை நிமிர்த்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

தீபாவளிக்கு வரும்போது வேலைச் சட்டை இரண்டைக் கொண்டு வா. பாக்கெட் ஓரம் பிரிந்திருக்கிறது என்றாயே, தைத்துத் தருகிறேன். ஒளிரும் பட்டை மேல் இஸ்திரிப் பெட்டி வைக்கலாமா என்று உள்ளே லேபிளில் போட்டிருக்கும், பார்த்து எனக்குச் சொல்.

அம்மா