டகோட்டா காட்சிச் சுவர்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் சங்கக் கட்டடத்தின் மேற்குச் சுவரில், இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சரக்கு விமானமான டகோட்டாவின் வரலாற்றை எழுதி, அதன் முன்னால் ஒரு மர மாதிரியை நிறுத்துவது என்று பொதுக்குழுவில் முடிவெடுத்திருந்தோம். வேலை முடிந்துவிட்டது. சொன்ன தேதிக்கு முடியவில்லை என்பது உண்மை. அதற்குக் காரணம் பணமும் இல்லை, ஆசாரியும் இல்லை. பலகையில் வர வேண்டிய ஒரே ஒரு வாக்கியம்தான். அதைப் பற்றித்தான் இந்த அறிக்கையில் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வரவு செலவுக் கணக்கு தனித்தாளில், தணிக்கை செய்தவரின் கையெழுத்தோடு, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

(சுவர் வேலைக்குப் போய் "திருப்பணி" என்று தலைப்பா என்று இரண்டு பேர் கேட்டார்கள். தலைவர் பிடிவாதமாக இருந்துவிட்டார்.)

சுவரைப் பொறுத்தவரை, ஓதம் ஏறிய பூச்சைக் கொத்திவிட்டுப் புதுப்பூச்சு, இரண்டு கை வெள்ளை, மேலே இரண்டு விளக்கு. அவ்வளவுதான்.

மாதிரியின் கதை கொஞ்சம் பெரியது. அசல் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 95 அடி. இருபதில் ஒரு பங்காகச் செய்ததில் நாலே முக்கால் அடி வந்தது. ஆசாரி முதலில் அதை மட்டமாக, இன்றைய விமானங்கள் நிற்பது போல நிறுத்திவிட்டார். டகோட்டாவுக்கு மூக்கின் கீழ் சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலடியில் ஒரு சின்னச் சக்கரம், அதனால் மூக்கை நிமிர்த்திக்கொண்டுதான் நிற்கும். மாற்றச் சொன்னோம். மாற்றி நிறுத்திவிட்டுத் தள்ளிநின்று பார்த்தவர், "பின்னாடி பஞ்சர் ஆன வண்டி மாதிரி உக்காந்திருக்கே சார்" என்றார். நம்மில் அதில் சரக்கு ஏற்றியவர்களுக்கு அந்தச் சரிவு மறந்திருக்காது. இடப்பக்கம் பின்னால் இருக்கும் கதவில் ஏறினால், விமானி அறை வரைக்கும் மூட்டையோடு மேட்டில் நடக்க வேண்டும்.

எஞ்சின்களை நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்ய வைத்தார். டகோட்டாவில் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவர். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ட்வின் வாஸ்ப் எஞ்சின். முன்வரிசையில் ஏழு, பின்வரிசையில் ஏழு என்று ஒன்றுக்குப் பதினான்கு சிலிண்டர், 1,200 குதிரைத் திறன். ஆசாரி இருபத்தெட்டு சிலிண்டரையும் தனித்தனியாகக் கடைந்து கொடுத்தார். புரொப்பெல்லர் கையால் சுற்றும்படி இருக்க வேண்டும் என்பது பெரியவரின் நிபந்தனை. வட்டமாக அடுக்கிய எஞ்சின் என்பதால், நின்றுகொண்டிருக்கும்போது கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனுக்கு நகர இடமிருக்காது, பிஸ்டனைத் தள்ளும் தண்டு (கனெக்டிங் ராடு) வளைந்துவிடும். காலையில் முதல் வேலை புரொப்பெல்லரைக் கையால் பல சுற்றுத் தள்ளுவதுதான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, மாதிரியின் எஞ்சினுக்குக் கீழே ஒரு தகரத் தட்டும் வைக்கச் சொன்னார். வைத்திருக்கிறோம். தட்டு எதற்கு என்று வெளியாட்கள் கேட்பார்கள், ஒழுகும் எண்ணெயைப் பிடிக்கத்தான் என்று நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

இனி அந்த வாக்கியம். முதலில் அச்சடித்து வந்த பலகையில், "1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் இறங்கிய வி.பி. 905 விமானம் இன்றும் பறந்துகொண்டிருக்கிறது" என்று இருந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம், நான் உட்பட. பெரியவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். "நம்பர் அதுதான். வண்டி அது இல்லையே" என்றார்.

அவர் சொன்னது சரி. டெல்லி அருகே ஹிண்டன் விமானத் தளத்தில் டைகர் மாத், ஹார்வர்ட் என்ற பழைய பயிற்சி விமானங்களோடு பராமரிக்கப்படும் டகோட்டா, 1944இல் அமெரிக்காவில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் விமானப்படையில் அதன் எண் கே.என். 397. போருக்குப் பிறகு பிரிட்டனில் ஜி-ஏ.எம்.எஸ்.வி. என்ற சிவில் பதிவோடு பறந்தது, சரக்கும் சுமந்தது. நம் விமானப்படையின் டகோட்டா பைலட்டாக இருந்த ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகரின் மகன் ராஜீவ் சந்திரசேகர் அதை வாங்கி, இங்கிலாந்தில் செப்பனிட வைத்து, விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். 2018 ஏப்ரல் 17 அன்று கொவென்ட்ரியில் கிளம்பி, பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், ஜோர்டான், சவூதி, பஹ்ரைன், ஓமன் வழியாக 25ஆம் தேதி ஜாம்நகரில் இறங்கியது. மே 4 அன்று ஹிண்டனில் "பரசுராமா" என்ற பெயரோடு படையில் சேர்ந்தது. வி.பி. 905 என்ற எண்ணை அப்போதுதான், ஸ்ரீநகருக்குப் போன பழைய விமானத்தின் நினைவாக, இதற்குச் சூட்டினார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போல. பேரன் செய்ததைத் தாத்தா கணக்கில் எழுத முடியாது, தாத்தா செய்ததைப் பேரன் கணக்கிலும் எழுத முடியாது.

ஆக ஒரே பத்தியாக இருந்ததை இரண்டாகப் பிரித்தோம். புதுப் பலகைக்கு மறுபடி செலவு. முதல் பலகையில் அச்சகம் விட்ட எழுத்துப் பிழைகளும் இருந்ததால் பாதிக் கூலி குறைத்துக்கொண்டார்கள்.

இடப்பக்கம் எண்ணின் கதை. 1947 அக்டோபர் 27 விடிகாலையில் 12ஆம் ஸ்குவாட்ரனின் டகோட்டாக்கள் டெல்லி சஃப்தர்ஜங்கிலிருந்து 1 சீக்கிய பட்டாலியன் வீரர்களோடு கிளம்பின. முன்னால் போன விமானத்தை விங் கமாண்டர் கே.எல். பாட்டியா ஓட்டினார். பாகிஸ்தான் பக்கமிருந்து வந்த ஊடுருவல்காரர்கள் காஷ்மீருக்குள் புகுந்திருந்த நேரம், ஸ்ரீநகர் ஓடுதளம் யார் கையில் இருக்கிறது என்பதைப் போய்த்தான் பார்க்க வேண்டிய நிலை. பட்டாலியனின் தளபதி லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய் பாரமுல்லா பக்கம் நடந்த சண்டையில் உயிர் நீத்தார். மகாவீர் சக்கரம் பெற்றார். சிவில் கம்பெனிகளின் டகோட்டாக்களும் அந்த நாட்களில் படையினரை ஏற்றிச் சென்றன.

அதன் கீழேயே லடாக்கின் லே நகரத்துக் கதை. 1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங், மேஜர் ஜெனரல் திம்மையாவை உடன் ஏற்றிக்கொண்டு, 10,500 அடிக்கு மேலே இருக்கும் லே பள்ளத்தாக்கில் இறங்கினார். சோனம் நோர்பு என்ற லடாக் பொறியாளர் உள்ளூர் ஆட்களை வைத்துச் சமன் செய்த மண் தளம் அது. கேபினுக்குள் காற்றழுத்த வசதி இல்லாத விமானத்தில் அந்த மலைகளைத் தாண்டுவது என்ன வேலை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இந்தப் பகுதிக்குக் குழு கொஞ்சம் அதிக இடம் கொடுத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறோம்.

வலப்பக்கம் கே.என். 397இன் கதை. இங்கேயும் ஒரு சச்சரவு. 1944 மார்ச்சில் ஐந்தாவது இந்தியப் படைப்பிரிவை பர்மாவின் அரக்கான் முனையிலிருந்து பீரங்கி, கோவேறு கழுதை சகிதம் விமானத்தில் ஏற்றி, இம்பால், கொஹிமா பக்கம் இறக்கினார்களே, அதையும் சேர்க்கலாம் என்று சிலர் விரும்பினார்கள். சேர்த்திருக்கிறோம், ஆனால் "இந்த விமானம்" என்று எழுதவில்லை, "இந்த வகை விமானங்கள்" என்றுதான் எழுதியிருக்கிறோம். வங்கதேசப் போரில், 1971 டிசம்பர் 11 அன்று டாங்கைலில் 2 பாரா என்ற பாராசூட் பட்டாலியன் குதித்ததும் அப்படியே. அதில் டகோட்டாக்கள் பங்கெடுத்தன, பரசுராமா அல்ல. ஆனால் அந்தப் போரின் நினைவாக 2021 குடியரசு தினத்தில் டெல்லி வானில் இரண்டு மி-17 ஹெலிகாப்டர்கள் இருபக்கமும் வரப் பறந்தது இதே விமானம்தான். அங்கே மட்டும் தைரியமாக "இந்த விமானம்" என்று போட்டிருக்கிறோம்.

மிச்ச வேலை ஒன்று இருக்கிறது: மாதிரிக்குக் கண்ணாடிப் பெட்டி. வேண்டும் என்று பாதிப்பேர், பெட்டிக்குள் போய்விட்டால் புரொப்பெல்லரை எப்படிச் சுற்றுவது என்று பெரியவர். அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். கையில் இருக்கும் மீதிப் பணம் அதுவரை கணக்கிலேயே கிடக்கும். வீட்டில் பழைய டகோட்டா படங்கள் வைத்திருப்பவர்கள் அசலைத் தர வேண்டாம், நகல் போதும். பின்னால் இடமும் வருடமும் தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள்.

மண்டபம் ஞாயிறு காலை திறந்திருக்கும். மற்ற நாளில் சாவி காவலாளியிடம். குழந்தைகளைக் கூட்டி வாருங்கள், புரொப்பெல்லரைச் சுற்றட்டும். அம்புக்குறி போட்ட பக்கமாக மட்டும் சுற்றச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகு கழன்றுவிடுகிறது, ஏற்கெனவே ஒருமுறை ஒட்டியாயிற்று.

இப்படிக்கு,
காட்சிச் சுவர் குழுவுக்காக,
செயலாளர்