மீட்டிங்கில் வாய் திறக்க

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம், மழைதான் விட்டபாடில்லை.

மருந்துக் கவுண்டர் கூட்டத்தைக் குறைக்க உங்கள் ஆஸ்பத்திரியில் கூட்டும் மீட்டிங்கில் வாயே வரவில்லை, தைரியமில்லாத ஜென்மம் என்று உன்னையே திட்டியிருக்கிறாய். பாதிப் பழி மீட்டிங் நடத்தும் முறைமேல்தான்.

எல்லாரும் கூடி உட்கார்ந்து, தோன்றுகிற யோசனையையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் இந்த 'பிரெய்ன்ஸ்டார்மிங்' முறையைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையின் அலெக்ஸ் ஆஸ்போர்ன். குறை சொல்லாதே, கிறுக்குத்தனமானதையும் சொல், நிறையச் சொல், அடுத்தவர் சொன்னதை வளர்த்துச் சொல்: நாலே விதி. ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, நாலு பேர் கூடிப் பேசியதைவிட நாலு பேர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்ததில்தான் யோசனைகள் அதிகம். முக்கியக் காரணம், பேசத் தன் முறை வரும்வரை காத்திருப்பதுதான் என்று 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தானே பேச முடியும்? நம் யோசனையை மனசில் பிடித்துவைத்திருந்தால் புதிது உதிக்காது, அடுத்தவர் பேச்சில் காது கொடுத்தால் பிடித்திருந்தது நழுவும்.

அதனால் காகிதத்தோடு போ. 'கூட்டத்தைக் குறைப்பது எப்படி' என்ற கேள்வி ரொம்பப் பெரிசு. சீட்டு நீட்டுவது, பில், பணம், மருந்து எடுப்பது, சாப்பிடும் முறை சொல்லிக் கொடுப்பது என ஐந்தாக உடை. முந்தின நாளே பத்து நிமிஷம், இடத்துக்கு இரண்டாக எழுது. டோக்கன், இன்னொரு கவுண்டர் எல்லாம் முதலில் வரும். அவை எல்லாருக்கும் தோன்றுபவை. அதற்கப்புறம் வருவதில் மூன்றைக் குறித்துக்கொள்.

ஒன்றை முதல் சுற்றிலேயே சொல்லிவிடு. தாமதித்தால் பேச்சு முதலில் விழுந்த யோசனைகளையே சுற்றிக்கொண்டிருக்கும். எங்கே தேங்குகிறது, என்ன செய்யலாம், எப்படிச் சோதிக்கலாம், அவ்வளவுதான். “பில் போடற இடத்துல தேங்குது. ஒண்ணு ரெண்டு மருந்து வாங்கறவங்களுக்கு ஒரு ஜன்னலை ஒதுக்கலாம். திங்கட்கிழமை காலைல மட்டும் பார்ப்போம்.” சொல்லிவிட்டு நிறுத்து. “சரியா வருமான்னு தெரியல, தப்பா நினைக்காதீங்க” என்று ஆரம்பித்தால் கேட்பவர்கள் ஓட்டையைத்தான் தேடுவார்கள்.

'ஏற்கெனவே பார்த்தாச்சு' என்று யாராவது வெட்டினால், அப்போது எதனால் நின்றது என்று கேள். நின்ற காரணம் இன்று இல்லாமல் போயிருக்கலாம். உன் யோசனையையே வேறொருவர் திருப்பிச் சொன்னால், “ஆமா, நான் சொன்ன ஜன்னலோட இதையும் சேர்க்கலாம்” என்று மேலே ஒன்றை வை. சண்டைக்குப் போகாதே.

பெரிய டாக்டர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் பக்கமே சாய்வார்கள். அவர் கடைசியில் பேசட்டும் என்று நடத்துபவரிடம் முன்கூட்டியே, தனியாகச் சொல்லிவை. அப்படியே, பேசாமல் யோசனைகளைத் தாளில் எழுதிச் சுற்றுக்கு விடும் முறையையும் கேட்டுப் பார், ரோர்பாக் என்ற ஜெர்மானியர் 1968இல் தந்தது. ஆறு பேர், ஐந்து நிமிஷத்துக்கு ஆளுக்கு மூன்று யோசனை, பிறகு தாள் பக்கத்தவருக்கு. ஆறு சுற்று, அரை மணி, 108 யோசனை. திரும்பத் திரும்ப வருவதைக் கழித்தால் குறையும்தான். ஆனாலும் பேசத் தயங்குபவரின் பங்கு விட்டுப்போகாது. கையெழுத்து மட்டும் புரிய வேண்டும், டாக்டர்கள் இருக்கும் இடமாச்சே!

உன் மூன்றையும் எனக்கு எழுது. சாப்பிடும் முறை சொல்லும் இடத்துக்கு எனக்கும் ஒன்று தோன்றுகிறது. இப்போதே சொன்னால் நீயும் அதையே சுற்றுவாய், உன் பதில் வந்தபின் சொல்கிறேன்.

அன்புடன்,
மல்லிகா