முள்ளபூடி வெங்கட ரமணாவை எனக்குக் கேட்க வைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

தெலுங்குத் திரைக்கதையாசிரியர் முள்ளபூடி வெங்கட ரமணாவின் வாழ்க்கையைத் தமிழில் எழுதும் வேலை முடிந்துவிட்டது. கைப்பிரதி அச்சகத்துக்குப் போய்விட்டது. நன்றியுரைக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் எல்லோருக்கும் அந்தப் பக்கம் எப்படிப் போதும்? அதனால்தான் பொதுவில் இந்த மடல். உங்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். யாரைச் சொல்கிறேன் என்பது படிக்கும்போது அவரவருக்கே தெரியும்.

முதல் வணக்கம் மாடிவீட்டு டீச்சரம்மாவுக்கு. தெலுங்கைப் பேசக் கேட்டால் எனக்குப் புரியும், படிப்பதென்றால் எழுத்துக்கூட்டித்தான். ரமணாவின் தன்வரலாறான 'கோதி கொம்மச்சி'யை அப்படிப் படித்தால் அதில் பாதி செத்துவிடும். ஸ்வாதி வார இதழில் தொடராக வந்த அந்த நூலை டீச்சரம்மா சாயங்காலம்தோறும் எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்தார் என்பதைவிடப் பேசினார் என்பதே சரி. தாய் பேசும் இடத்தில் ஒரு குரல், கடன்காரன் வாசலில் நிற்கும் இடத்தில் வேறு குரல். 1931இல் கோதாவரிக் கரையில், தவளேஸ்வரத்தில் பிறந்த பிள்ளை, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சென்னைக்கு வந்து சேர்ந்த கதை அது. பசியையும் வாடகை பாக்கியையும் ரமணா சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். டீச்சரம்மா முதல் தடவை நாங்கள் சிரிப்பதற்காக வாசிப்பார். இரண்டாம் தடவை நான் குறிப்பெடுப்பதற்காக நிதானமாக வாசிப்பார். சிரிப்புக்கு அடியில் எவ்வளவு வலி கிடந்தது என்பது அந்த இரண்டாம் வாசிப்பில்தான் எனக்கு எட்டியது. அம்மா, என் புத்தகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களில் இருப்பது உங்கள் குரல்தான்.

பழைய இதழ்களை எனக்காகத் தேடி எடுத்த நூலக ஊழியருக்கு நன்றி. 1953இல் ரமணா உதவி ஆசிரியராகச் சேர்ந்த 'ஆந்திர பத்திரிகா' சென்னையிலிருந்து வெளிவந்த நாளிதழ். மயிலாப்பூர் லஸ்ஸில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடப்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். அந்தப் பூங்காவின் பெயருக்கு உரிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ்தான் அந்த இதழைத் தொடங்கியவர். அமிர்தாஞ்சனத்தை நமக்குக் கொடுத்தவரும் அவரே. அந்த இதழில் வேலை பார்த்த காலத்தில்தான் ரமணா 'புடுகு' என்ற வாயாடிச் சிறுவனைப் படைத்தார். பள்ளி நாட்களிலிருந்தே நண்பரான ஓவியர் பாபு, பின்னாளில் திரைப்பட இயக்குநரானவர், அவனுக்குப் படம் வரைந்தார். தொட்டால் உதிரும் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டிய அந்தப் பொறுமையை, நண்பரே, நான் மறக்கமாட்டேன்.

வடபழனியில் இருக்கும் பெரியவருக்கு, படத்தொகுப்பு உதவியாளராகப் பல காலம் உழைத்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு, நான் பட்டிருப்பது பெரிய கடன். ரமணா வசனம் எழுதிய 'ரக்த சம்பந்தம்' 1962இல் வந்தது. நம் 'பாசமல'ரின் தெலுங்கு வடிவம் அது. ஆரூர்தாஸ் தமிழில் எழுதிய காட்சிகளை, அதுவரை நகைச்சுவைக் கதைகளால் பெயர் பெற்றிருந்த ஓர் இளைஞர் தெலுங்கில் எழுத வேண்டியிருந்தது. தங்கையாக இரண்டிலும் நடித்தவர் சாவித்திரி. அண்ணனாகத் தமிழில் சிவாஜி, தெலுங்கில் என்.டி.ராமராவ். ஐயா இரண்டு படங்களையும் ஒரே காட்சியில் நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டினார். நடிகர் எங்கே மூச்சு வாங்குகிறார், சொல் எங்கே முடிகிறது, அதற்குப் பின் வெட்டு எப்போது விழுகிறது என்று கவனிக்கச் சொன்னார். வசனத்தைத் தாளில் வைத்து அளந்துகொண்டிருந்த எனக்கு, அதை மூச்சில் வைத்து அளக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். வசன எழுத்தைப் பற்றி நான் கற்றவற்றில் இதற்கு மேலான பாடம் வேறில்லை.

ராஜமுந்திரியில் லாஞ்சு என்னும் பயணிகள் இயந்திரப் படகு ஓட்டிய பெரியவரிடம் என்னை அழைத்துச்சென்ற குடும்பத்துக்கும் நன்றி. சோறு போட்டீர்கள், பாய் விரித்தீர்கள், மறுநாள் புலிதிண்டிக்கு வண்டியும் பிடித்துக் கொடுத்தீர்கள். பாபு முதன்முதலாக இயக்கி, ரமணா எழுதிய 'சாக்ஷி' 1967இல் அந்தச் சிற்றூரில்தான் எடுக்கப்பட்டது. கொலையைக் கண்ணால் கண்டு உண்மையைச் சொன்ன ஓர் ஏழைப் படகுக்காரனை ஊரே கைவிடும் கதை. ஸ்டூடியோ சுவர்களுக்குள் கதைகள் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஊரையும் ஆற்றையும் கதைக்குள் கொண்டுவந்தார்கள் இந்த இருவரும். லாஞ்சுக்காரப் பெரியவர், மணல்திட்டு எங்கே படகைத் தடுக்கும், பாபிகொண்டலு மலைகளுக்கு நடுவே ஆறு எப்படி ஒடுங்கும், பத்ராசலம் போகும் பயணிகள் வழியெல்லாம் என்ன பேசுவார்கள் என்று மணிக்கணக்கில் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் 1973இல் வந்த 'அந்தால ராமுடு' எனக்குப் பிடிபட்டது. பணக்காரரும் பரதேசியும் ஒரே லாஞ்சில் ராமனைப் பார்க்கப் போகிறார்கள். ஆறு போகும் வேகத்தில்தான் அந்தப் படத்தில் பேச்சும் போகிறது. ஆற்றங்கரையில் பிறந்தவருக்கே வாய்க்கும் நடை அது என்று நம்புகிறேன்.

இனி இசைத்தட்டுகளைச் சேர்த்துவைத்திருக்கும் அந்த அண்ணனுக்கு. 1975இல் வந்த 'முத்யால முக்கு' படத்தின் வசனங்களை இசைத்தட்டில் கேட்கலாம் வா என்று கூப்பிட்டீர்கள். பாட்டு இல்லாமல் பேச்சை மட்டும் இசைத்தட்டில் யார் கேட்பார்கள் என்ற சந்தேகத்தோடு வந்தேன். கேட்டு முடித்தபோது இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. உத்தர ராமாயணத்தை ஓர் ஆந்திரக் குடும்பத்துக்குள் இறக்கிய கதை அது. தெலுங்கின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ஒளிப்பதிவுக்காக இஷான் ஆர்யாவும் தேசிய விருது பெற்றார். ஆனால் மக்கள் மனப்பாடம் செய்து வைத்திருப்பது வில்லனை. ராவ் கோபால ராவ் நடித்த அந்தக் காண்டிராக்டர் விடியற்காலைச் சூரியனைப் பார்த்து, வானத்தில் ஒரு கொலை விழுந்ததுபோல் இல்லையா, சூரியன் ரத்தக் கட்டிபோல் இல்லையா என்று ரசிக்கிறான். மனிதனாகப் பிறந்தால் கொஞ்சமாவது கலை ரசனை வேண்டும், தின்றுவிட்டுப் படுத்துக் கிடந்தால் மனிதனுக்கும் மாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறான். படத்தின் மிக அழகான பேச்சைக் கெட்டவன் வாயில் கொடுத்தார் ரமணா. அவன் அழகை ரசிக்கத் தெரிந்தவன். அதனாலேயே அவன் செய்யும் கொடுமை நம்மை இன்னும் அச்சுறுத்துகிறது. உரக்கக் கத்தும் வில்லன்களைப் பார்த்துப் பழகியிருந்த எனக்கு இது பெரிய வியப்பு. அண்ணா, அந்த அத்தியாயத்தை நான் முழுவதும் திருப்பி எழுதியது அன்றைய இரவுக்குப் பிறகுதான்.

அச்சுப்பிழை திருத்திய தங்கைக்கும், ஒற்றெழுத்துக்காக என்னோடு சண்டை போட்ட நண்பருக்கும் அன்பு. கடனாளிகளின் கதைகளை நெஞ்சு நெகிழ எழுதியவர் ரமணா. அவருடைய வாழ்க்கையை எழுதி முடிக்க எனக்கும் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது. வட்டி பேச்சையே எடுக்காமல் கொடுத்தவருக்கு, தை மாதத்துக்குள் திருப்பித் தந்துவிடுவேன் என்று இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

கடைசி அத்தியாயத்தை எழுதும்போது கை ஓடவில்லை. ரமணா 2011 பிப்ரவரி 24 அன்று சென்னையில் காலமானார். அவர் எழுதிய 'ஸ்ரீராம ராஜ்யம்' அதே ஆண்டு நவம்பரில், இளையராஜாவின் இசையோடு, நயன்தாரா சீதையாக நடிக்க, திரைக்கு வந்தது. அதைத் திரையரங்கில் பார்க்க அவர் இல்லை. பாபு 2014இல் போய்ச் சேர்ந்தார். அரைநூற்றாண்டுக்கு மேல் நம்மோடு இதே ஊரில் வாழ்ந்த எழுத்தாளரைத் தமிழ் வாசகர்களில் மிகச் சிலரே அறிவார்கள் என்பது எனக்குத் தீராத ஆதங்கம். என்னோடு சேர்ந்து அந்த ஆதங்கத்தைச் சுமந்தவர்கள் நீங்கள்.

புத்தகம் வந்தவுடன் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் பிரதியோடு நானே வருகிறேன். இரவல் வாங்கிய இசைத்தட்டுகளையும் புகைப்படங்களையும் அப்போது பத்திரமாகத் திருப்பித் தருவேன். ராஜமுந்திரிக்குப் போகும்போது டீச்சரம்மாவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். லாஞ்சுக்காரப் பெரியவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவரைப் பற்றிய பக்கங்களை டீச்சரம்மா தெலுங்கில் அவருக்குச் சொல்லுவார்.

மிகுந்த அன்போடும் நன்றியோடும்,
உங்கள் நூலாசிரியன்