வெறுமையாக விட்ட கட்டம்

கோலார் தங்கவயல்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

வாடகை வீட்டின் உரிமையாளர் கொடுத்த படிவத்தில் மதம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டதாக நேற்று போனில் சொன்னாய். "பௌத்தம்னு எழுதினா, தமிழ்க்காரங்க எப்போ பௌத்தர் ஆனீங்கன்னு கேக்கிறாங்கப்பா, எனக்குப் பதில் தெரியல" என்றாய். அதன்பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்மேல் கோபம் இல்லை, கண்ணு. பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தராதது என் தப்பு.

உன் புனே சிநேகிதிகள் வீட்டில் 1956 பெரிய ஆண்டு. அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்த தீட்சை எடுத்த ஆண்டு. நமக்கும் அது பெரிய ஆண்டுதான். ஆனால் நம் வீட்டுக்குப் புத்தர் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டார். கொண்டுவந்தவர் பண்டிதர் அயோத்திதாசர்.

1845-ல் பிறந்தவர், சித்த வைத்தியர். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தனக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். அவருடைய தாத்தா கந்தப்பன், ஹாரிங்டன் துரையிடம் பட்லர். அந்த பட்லர் வீட்டிலிருந்த திருக்குறள் ஏடுதான் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் கைக்குப் போனது என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட நம்மவர்களுக்குப் படிப்பு வாசனை நேற்று வந்தது என்று யாராவது பேசினால் எனக்கு அந்த ஏடுதான் கண்முன் நிற்கும்.

1892-ல் சென்னை மகாஜன சபை கூட்டிய கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் போனார். எழுந்து நின்று, எங்கள் ஜனங்களை விஷ்ணு கோயிலுக்குள் ஏன் விடவில்லை என்று கேட்டார். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஒருவர், உங்களுக்கென்று மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். சபை நிறையப் படித்தவர்கள் உட்கார்ந்திருந்த இடம் அது. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பும், தரிசாகக் கிடக்கும் நிலமும் கொடுங்கள் என்று கேட்டார் பண்டிதர். எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கும். அவமானப்பட்ட அந்த நிமிஷத்திலும் பள்ளிக்கூடத்தைக் கேட்கத் தோன்றியிருக்கிறதே.

ஆறு வருஷம் கழித்து, 1898-ல், பிரம்மஞான சபையின் ஆல்காட் துணையோடு கொழும்பு போய், பௌத்த பிக்கு சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்க நெறிகளை ஏற்றுப் பௌத்தரானார். திரும்பிவந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம். 1907 ஜூன் 19, புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' முதல் இதழ். நாலு பக்கம், விலை ஒரு பைசா. ஒரு வருஷத்தில் 'தமிழன்' என்று பெயர் மாறியது. 1914-ல் கண்மூடும்வரை வாராவாரம் அதை நடத்தினார். புத்தர் சரித்திரத்தை 'ஆதிவேதம்' என்று அதில்தான் எழுதினார்.

நாம் உள்ளே வருவது இங்கேதான். நம் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் சங்கத்தின் கிளைகள் எழும்பின. என் தாத்தா அப்போது சின்னப் பையன். சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் லைன் வீட்டு வாசலில் சிம்னி விளக்கு வைத்து உட்காருவார்களாம். எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் 'தமிழன்' படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். தாத்தா எழுத்துக் கற்றுக்கொண்டதே அந்தப் பத்திரிகையில் விரல் வைத்துத்தான். பின்னாளில் ஜி. அப்பாதுரையார் அதே 'தமிழனை' நம் தங்கவயலிலிருந்தே நடத்தினார். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள், வேலை போயிற்று, பிள்ளைகள் ஊர் ஊராகப் போனீர்கள். பேச்சும் அறுந்துபோனது.

பண்டிதர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. தீபாவளி, எள்ளெண்ணெய் கண்டுபிடித்ததைக் கொண்டாடிய பௌத்தப் பண்டிகை என்றார். சொல்லைப் பிரித்துப் பிரித்து அவர் காட்டும் பொருளில் சில எனக்கு ஒட்டவில்லை. ஆனால் நாம் பூர்வ பௌத்தர்கள், அதனால்தான் தாழ்த்தப்பட்டோம் என்று அவர் எழுதியதைப் படித்துத்தான் என் தாத்தா நிமிர்ந்து நடந்தார். மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வருகிறவன் எழுதும் பெயர் நம் பெயராகிவிடக் கூடாது, சாதிபேதமற்ற திராவிடர் என்று நாமே சொல்ல வேண்டும் என்று ஓயாமல் வற்புறுத்தியவர் அவர். நீ விட்ட கட்டம் அதனால்தான் என்னை இவ்வளவு உறுத்துகிறது.

ஞான அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' நூலின் இரண்டு தொகுதிகள் என்னிடம் இருக்கின்றன. அத்தை மகன் வெள்ளிக்கிழமை புனே வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மா தரும் புளிக்காய்ச்சல் பாட்டிலோடு சேர்த்து வைக்காதே, எண்ணெய் பட்டுவிடும். நான் பென்சிலால் கோடு போட்ட பக்கங்களை முதலில் படி. படித்துவிட்டு, எந்த நேரமானாலும் போன் பண்ணு.

உன் அப்பா